வடக்கே தலை வைத்தால் காந்தம் தள்ளுமா?



சென்ற கிழமை ஆசிரியர் புலனக் குழு ஒன்றில் ஒரு நாள் பாடத்திட்டம் பகிரப்பட்டிருந்தது. பாடம் அறிவியல், தலைப்பு காந்தம். பீடிகைப் பகுதியைப் படித்த மாத்திரத்தில் எனக்குத் திடுக்கென்றது. வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று நம் முன்னோர் ஏன் கூறினர் என்று மாணவரிடம் வினவ வேண்டுமாம். பின்னர் ஆசிரியரே விடையையும் விளக்க வேண்டுமாம். மனிதனின் தலை வடதுருவம். பூமியின் வடக்கும் வடதுருவம். ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும். ஆகவே மூளைக்குச் செல்லும் இரத்தம் தள்ளப்பட்டு உடல்நலம் கெடும். நம் முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர்! இதன் கீழே வரிசை வரிசையாகக் கைகூப்பும் குறிகள், பூங்கொத்துகள். ஒருவர்கூட, ஆம் ஒரே ஒருவர்கூட, இது சரிதானா என்று கேட்கவில்லை.

நான் கேட்டேன். "டீச்சர், நம்ம பண்பாட்ட நாமே குறை சொல்லலாமா?" என்று விடை வந்தது. அந்தக் குழுவில் அதற்குமேல் எழுத மனமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இதே கதையை இருபது ஆண்டுகளுக்கு முன்பு நானும் வகுப்பில் கூறியிருக்கிறேன். பயிற்சி முடித்து வந்த புதிது. யாரோ கூறியதை எங்கேயோ கேட்டு, மாணவர்கள் சுவைத்துக் கேட்பார்களே என்னும் ஆசையில் கூறினேன். சுவைத்துத்தான் கேட்டார்கள். நூலில் கட்டித் தொங்கவிட்ட சட்டக் காந்தம் அப்போது என் மேசையின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "டீச்சர், காந்தத்தோட வடதுருவம் வடக்கப் பாத்து நிக்குதே... அப்ப அந்தப் பக்கம் இருக்கறது தென்துருவமாத்தானே இருக்கணும்?"

எனக்கு விடை தெரியவில்லை. "உட்காரும்மா, பாடத்துல உள்ளத மட்டும் எழுது" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சிறுமி கேட்டது முற்றிலும் சரி. காந்த ஊசியின் எந்த முனை வடக்கு நோக்கி நிற்கிறதோ அதற்கு வடதுருவம் என்று பெயரிட்டனர். அஃதாவது, வடக்கை நாடும் முனை என்பதே பொருள். எதிர்த்துருவங்கள்தாம் ஒன்றையொன்று ஈர்க்கும் என்றால், ஊசியின் வடமுனையை ஈர்க்கின்ற பூமியின் வடபகுதி காந்தக் கணக்கில் தென்துருவமே. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட், பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600ஆம் ஆண்டில் நூலெழுதி நிறுவினார். அன்றிலிருந்து இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பற்றி இயற்பியலார் விளக்கிக்கொண்டுதான் இருக்கின்றனர். நாம்தான் வகுப்பில் அதனைத் தாண்டிக் குதித்து ஓடுகிறோம்.

இப்போது புலனக் கதைக்கு வாருங்கள். வாதத்திற்காக மனிதத் தலையை வடதுருவம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வடக்கே தலை வைத்தவனைப் பூமி ஈர்க்க வேண்டும். தெற்கே தலை வைத்தவனைத்தான் விலக்க வேண்டும்! கதை சொல்பவர் எந்த விதியைச் சான்றாகக் காட்டுகிறாரோ அதே விதி அவரைக் கைவிட்டு விடுகிறது. இதை எடுத்துக் கூறினால் சிலர் உடனே பக்கம் மாறுகின்றனர். "ஆமாம், ஈர்ப்பதால்தான் கேடு, மூளைக்கு இரத்தம் அதிகமாக ஏறிவிடுகிறது" என்கின்றனர். விலக்கினாலும் கேடு, ஈர்த்தாலும் கேடு! எந்த விடை வந்தாலும் முடிவு மட்டும் மாறாதாம். இதற்குப் பெயர் அறிவியலா?

சரி, ஈர்ப்பதாவது உண்மையா? அதுவும் இல்லை. 1581ஆம் ஆண்டிலேயே இராபர்ட் நார்மன் என்னும் திசைகாட்டிக் கைவினைஞர் ஓர் எளிய சோதனையைப் பதிவுசெய்தார். காந்தமேற்றிய ஊசியைத் தக்கையில் செருகி நீரில் மிதக்கவிட்டார். ஊசி திரும்பியது, வடக்கு நோக்கி நின்றது. ஆனால் வடக்கு நோக்கி நகரவில்லை. பூமி அதைத் திருப்பியதே தவிர, இழுத்துக்கொண்டு போகவில்லை.

இதன் காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் நம் பாடத்தில் விடுபட்டுப் போகின்ற இடமும் இதுவே. இரண்டு சட்டக் காந்தங்களை நெருக்கி வைக்கும்போது ஒன்றின் வடமுனைக்கு அருகே மற்றதன் தென்முனை இருக்கிறது. அதன் வடமுனையோ சற்றுத் தள்ளி இருக்கிறது. அருகிலுள்ள முனையின் ஈர்ப்பு வலிது. தொலைவிலுள்ள முனையின் விலக்கம் மெலிது. வலியது வெல்கிறது; காந்தங்கள் ஒட்டிக்கொள்கின்றன. பூமியின் காந்தத் துருவமோ பினாங்கிலிருந்து ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் தொலைவில், வடகோடிக் கடலில் இருக்கிறது. அந்தத் தொலைவுக்கு முன்னால் ஓர் ஊசியின் நீளம், ஏன், ஒரு மனிதனின் நீளமே எம்மாத்திரம்? ஊசியின் ஒரு முனையைப் பூமி எவ்வளவு வலிமையுடன் வடக்கே இழுக்கிறதோ அதே வலிமையுடன் மறுமுனையைத் தெற்கே இழுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகி ஊசி திரும்ப மட்டுமே செய்கிறது. ஆகவே மனிதன் முழுக் காந்தமாகவே பிறந்திருந்தாலும் பூமி அவனை வடக்கே தள்ளவும் செய்யாது, இழுக்கவும் செய்யாது. மிஞ்சிப் போனால் படுக்கையில் மெல்லத் திருப்பி விடப் பார்க்கும்!

மனிதன் காந்தமும் அல்லன். "இரத்தத்தில் இரும்பு இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதிலும் 3 முதல் 4 கிராம் வரை. ஆனால் அது ஆணியில் உள்ள இரும்பைப் போன்றதன்று. குருதிச் சிவப்பணுவின் ஹீமோகுளோபின் மூலக்கூற்றுக்குள் அணு அணுவாகப் பிணைந்து கிடப்பது. இலைனஸ் பாலிங்கும் சார்லசு கோரியெல்லும் 1936இல் இதை ஆராய்ந்து காட்டினர். உயிர்வளி ஏறிய இரத்தம் காந்தத்தால் மிக மிக மெல்லியதாக விலக்கப்படுகிறது. உயிர்வளி இறங்கிய ஹீமோகுளோபின் மிக மிக மெல்லியதாக ஈர்க்கப்படுகிறது. இதில் வடதுருவம் தென்துருவம் என்ற வேறுபாடே கிடையாது. எந்தத் துருவத்தைக் காட்டினாலும் அதே விளைவுதான்.

1997ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ஆந்திரே கெய்ம் குழுவினர் உயிருள்ள ஒரு தவளையைக் காந்தப் புலத்தால் அந்தரத்தில் மிதக்க விட்டதைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். உயிர்களின் உடலையும் அதிலுள்ள நீரையும் காந்தம் மெல்ல விலக்கும் என்பதற்கு அது கண்கண்ட சான்று. ஆனால் ஒரு சின்னத் தவளையைத் தூக்க அவர்களுக்கு ஏறக்குறைய 16 டெஸ்லா வலிமை தேவைப்பட்டது. பினாங்கில் பூமியின் காந்தப் புலம் எவ்வளவு? ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. தவளையைத் தூக்கிய புலத்தில் நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. குளிர்பதனப் பெட்டியின் கதவில் பிள்ளையின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தக் காந்தத்தின் மேற்பரப்பில் இதைப்போல் நூறு மடங்கு வலிமை உண்டு.

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்கள். பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. நம் வீட்டுப் படுக்கையில் உள்ளதைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அதற்குள் அரை மணி நேரம் அசையாமல் படுத்து எழுந்து வருகின்றனர் நோயாளிகள். பூமியின் புலத்துக்கே மூளையில் இரத்தம் ஏறும் என்றால் அந்தக் குழாய்க்குள் போனவர் என்ன ஆக வேண்டும்? மருத்துவர் கேட்பதெல்லாம் சட்டைப்பையில் சாவி இருக்கிறதா, உடலுக்குள் உலோகம் வைத்திருக்கிறதா என்பதைத்தான். தலை எந்தத் திசை என்று எவரும் கேட்பதில்லை.

நம் வீட்டுத் தொட்டிலையே பாருங்களேன். கூரையிலிருந்து இரும்புக் கம்பிச்சுருளில் தொங்கும் துணித்தொட்டில், இந்நாட்டில் நம்மவர், மலாய்க்காரர் என்ற வேறுபாடின்றிப் பல குழந்தைகள் கண்வளர்ந்த இடம். அது மேலும் கீழும் ஆடும், தானாகவே சுழலும். குழந்தையின் தலை ஒரே உறக்கத்தில் எட்டுத் திக்கையும் சுற்றி வந்துவிடும். தலைக்குமேல் இரும்புச் சுருள் வேறு! அந்தத் தொட்டிலில் வளர்ந்தவர்கள்தாம் இன்று வடக்குக்கு அஞ்சுகின்றனர்.

வடக்கு எது என்று எப்படி அறிகின்றனர் என்பதும் வேடிக்கைதான். கைப்பேசியைக் கட்டிலின் மேல் வைத்துப் பார்க்கின்றனர். இரும்புக் கட்டில், சன்னலில் இரும்புக் கம்பி, சுவருக்குள் இரும்பு. கைப்பேசியின் காந்த உணரி அங்கே தடுமாறும். அறையின் நடுவில் ஒரு வடக்கு, கட்டிலருகே இன்னொரு வடக்கு. எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் நானே வைத்துப் பார்த்தேன். சன்னலோரத்தில் என் கைப்பேசி காட்டிய வடக்கு, கதிரவன் எழும் பெருநிலப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

இங்கே நேர்மையாக ஒன்றைக் கூறியாக வேண்டும். பூமியின் காந்தத்தை உயிர்கள் உணர்வதே இல்லை என்று நான் வாதிடவில்லை. வலசை போகும் பறவைகள் அதை உணர்ந்து வழியறிகின்றன. மனிதர் பற்றியும், 2019இல் அமெரிக்காவின் ஜோசப் கிர்ஷ்விங்க் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வானலைத் தடுப்பு அறையில் பூமியளவு புலத்தைச் சுழற்றியபோது சிலரின் மூளை அலைகளில் மாற்றம் தெரிந்ததாக அது கூறுகிறது. சுவையான ஆய்வு. ஆனால் அதில் இரத்தம் தள்ளப்பட்ட செய்தியும் இல்லை. வடக்கே தலை வைத்தால் நோய் என்ற செய்தியும் இல்லை. அந்த ஆய்வின் பெயரைச் சொல்லிப் புலனத்தில் எவரேனும் பயமுறுத்தினால், மூலத்தில் என்ன உள்ளது என்று கேளுங்கள்.

"போகட்டுமே டீச்சர், இதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்பவர் இருக்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

இவ்வாண்டு எங்கள் பள்ளியில் ஒரு சிறுவன் நாள்தோறும் வகுப்பில் தூங்கி விழுந்தான். கண்டித்துப் பயனில்லை. தாயாரை அழைத்துப் பேசினேன். வீட்டில் பையனுக்கென்று ஒரு சிறிய அறை உண்டு. கதவும் சன்னலும் அலமாரியும் போக, கட்டில் ஒரே வகையில்தான் அடங்கும். அப்படிப் போட்டால் தலை வடக்கே வருகிறது. காலை மாற்றிப் போட்டால் தலைமாட்டில் அலமாரிக் கதவு இடிக்கிறது. ஆகவே பையன் கூடத்தில், நாற்காலி மெத்தையில் படுக்கிறான். கூடத்தில் தொலைக்காட்சி நள்ளிரவு வரை ஓடுகிறது. காலை ஐந்தரை மணிக்கு எழுப்பி விடுகின்றனர்.

"அறையிலேயே படுக்க வையுங்கள்மா, வடக்கே தலை வைத்தால் ஒன்றும் ஆகாது" என்றேன். அந்தத் தாய் என்னை வியப்புடன் பார்த்தார். "என்ன டீச்சர் இப்படிச் சொல்றீங்க? ஒரே துருவம் தள்ளும்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க!"

அவர் என் மாணவி. அந்தச் சிறுமி எழுந்து கேள்வி கேட்ட அதே வகுப்பு. கேட்டவளை நான் உட்கார வைத்தேன். கேளாமல் நம்பியவர் இருபது ஆண்டுகள் அதைச் சுமந்து தம் மகனின் உறக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறார். நான் என்ன சொல்ல? "நான் தப்பாச் சொல்லிட்டேன்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார், நான் பணிவுக்காகச் சொல்வதாக எண்ணிக்கொண்டார். ஆகவே ஊசி, தக்கை, நெகிழித் தட்டில் நீர் எல்லாவற்றையும் அங்கேயே எடுத்து வைத்துக் காட்டினேன். காந்தத்தை ஊசியின் மேல் ஒரே திசையில் முப்பது தடவை தேய்த்துத் தக்கையில் குத்தி மிதக்கவிட்டால் போதும். ஊசி மெல்லத் திரும்பி நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது.

நட்டம் இதோடு நிற்பதில்லை. இதே அச்சத்தை விதைக்கும் வாய்தான் மறுநாள் காந்த மெத்தை விற்க வருகிறது. காந்தக் காப்பு, காந்தத் தலையணை. விலை ஆயிரக்கணக்கான ரிங்கிட். பூமியின் மெல்லிய காந்தம் தலையில் பட்டால் கேடு. அதைவிடப் பன்மடங்கு வலிய காந்தத்தை முதுகுக்குக் கீழே பரப்பினால் நலம்! இந்த முரண்பாடு நமக்கு உறைக்கவில்லையே, ஏன்? காந்தப் பட்டைகள் வலியைத் தணிக்கின்றனவா என்று நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2007இல் கனடா மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. வலி தணிப்புக்குச் சான்றில்லை என்பதே அதன் முடிவு. வலிக்கான தக்க மருத்துவத்தை விட்டுவிட்டு இவற்றை நாடுவதை அது பரிந்துரைக்கவுமில்லை.

அஞ்ச வேண்டிய காந்தம் வேறு இருக்கிறது, பெற்றோர்களே. விளையாட்டுப் பொருள்களில் வருகின்ற, பட்டாணி அளவேயான நியோடிமியக் காந்த உருண்டைகள். இவற்றில் இரண்டை ஒரு பிள்ளை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளில் இருந்துகொண்டே ஒன்றையொன்று ஈர்க்கும். இடையில் சிக்கிய குடற்சுவர் நசுங்கி, இரத்த ஓட்டம் நின்று, துளை விழும். அறுவைச் சிகிச்சை வரை போகும். உயிருக்கும் தீங்கு நேரலாம். தொடக்கத்தில் வெறும் வயிற்றுவலி, வாந்தி போலத் தோன்றும். விழுங்கியதாக ஐயம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். துருவங்களின் ஈர்ப்பு மனித உடலுக்குள் உண்மையிலேயே கேடு செய்யும் இடம் இதுதான். இதைப் பற்றி அந்தப் புலனக் குழுவில் நான் கண்டவரை ஒரு வரிகூட வந்ததில்லை.

முன்னோரை இழிவுபடுத்துகிறேன் என்பவர்க்கு ஒரு சொல். வடக்கிருத்தல் என்பது தமிழர்க்குப் புதிதன்று. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்ததையும், கண்டிராத நண்பர் பிசிராந்தையார் வந்து உடன் அமர்ந்ததையும் நாம் வகுப்பில் உள்ளம் உருகிச் சொல்கிறோம். வடக்கே தலை வைத்துக் கிடந்த யானையின் தலை பிள்ளையாருக்கு வந்த கதையைப் பாட்டிமார் இன்றும் கூறுகின்றனர். வடக்குக்கு நம் மரபில் இப்படியொரு தனிப்பொருள் உண்டு. அதை மதித்து ஒருவர் வடக்கே தலை வைக்காமல் இருந்தால் அஃது அவர் உரிமை. என் தாயாரும் வைத்ததில்லை. "நம் வழக்கம் இது" என்று பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள், பிள்ளைக்குப் புரியும். நான் எதிர்ப்பது அந்த வழக்கத்துக்கு ஓர் அறிவியல் சட்டையை இரவல் வாங்கி மாட்டுவதை. அந்தச் சட்டை பொருந்தவில்லை என்பதைப் பிள்ளை என்றோ ஒருநாள் கண்டுபிடிப்பான். அன்று அவன் வழக்கத்தையும் நம்ப மாட்டான், நம்மையும் நம்ப மாட்டான்.

ஆசிரிய நண்பர்களே, 2017இல் நடப்புக்கு வந்த சீராய்வுக் கலைத்திட்டத்தில் காந்தம் முதலாம் ஆண்டிலேயே இடம்பெற்றது. ஏழு வயது. அந்த வயதில் நாம் என்ன செய்கிறோம்? "ஒத்த துருவங்கள் விலக்கும், எதிர்த்துருவங்கள் ஈர்க்கும்" என்று ஒரே குரலில் மூன்று தடவை சொல்ல வைத்துப் பயிற்றியில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். மனனம் மட்டும் போகவில்லை. இரண்டு காந்தங்களை ஒத்த முனைகள் எதிரெதிரே வரும்படி பிடித்து நெருக்கும்போது, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுக்கல் கையைத் தள்ளுகிறதே, அதைத் தம் விரலில் உணராமலேயே எத்தனை பிள்ளைகள் அந்த வரியை எழுதி முழுமதிப்பெண் வாங்குகின்றனர்! உணராத வரி வெறும் சொல்லாகத்தான் இருக்கும். வெறும் சொல்லை எவரும் எதற்கும் வளைக்கலாம். தலைக்கும் வடக்குக்கும் இரத்தத்துக்கும் முடிச்சுப் போடலாம்.

பீடிகைக்குப் பழங்கதைதான் வேண்டுமென்றால் இதோ ஒன்று தருகிறேன். பூண்டு பட்டால் காந்தம் வலியிழக்கும் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் நம்பினர். கற்றவர்களே நூல்களில் எழுதி வைத்தனர். இத்தாலியரான தெல்லா போர்ட்டா 16ஆம் நூற்றாண்டில் காந்தத்தின் மேல் பூண்டுச் சாற்றைப் பூசியே பார்த்தார். காந்தம் முன்போலவே இரும்பை இழுத்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

இதை இக்கிழமை என் வகுப்பில் செய்தோம். ஆளுக்கு இரண்டு பல் பூண்டு கொண்டு வந்தனர். நசுக்கிக் காந்தத்தில் தேய்த்தனர், குண்டூசிகளை எண்ணினர். தேய்க்கும் முன் பதினொன்று, தேய்த்த பின்னும் பதினொன்று. வகுப்பறை முழுவதும் இரசம் வைத்த வீடு போல் மணத்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாரும் கை கழுவ ஓடிய பிறகு, அந்தத் தூங்கி விழும் பையன் மட்டும் என் மேசையருகே நின்றான். இப்போதெல்லாம் அறையில்தான் படுக்கிறானாம்.

"டீச்சர், வெங்காயம் தேய்ச்சா?"

தெரியவில்லையே என்றேன். நாளை கொண்டு வருகிறானாம்.